எட்டு நாற்பது வண்டியில் காலியாக ஒரு ஜன்னல் சீட்

1

நம் சபையின் அசனப் பண்டிகை மலருக்கு, பம்பாயில் நம்மவர் அடைந்த முன்னேற்றம் பற்றி எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுத் தம்பி மூன்று தடவை போன் போட்டுவிட்டார். மூன்று தடவையும் நான் உட்கார்ந்துகொண்டுதான் பேசினேன். அதுதான் என் முன்னேற்றம், தம்பி. முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பரிசுகூட கொடுத்தார்கள், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கப்பலில் வருகிற போகிற சரக்குக்கு சுங்கக் காகிதம் தயார் செய்கிற கம்பெனி எங்களுடையது. சரக்கு சிங்கப்பூர் போகும், துபாய் போகும், நான் நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். போன மழைக்காலத்தில் எனக்கு அங்கே முப்பது வருஷம் நிறைந்தது. கேக் வெட்டினார்கள். முதலாளியின் மகன் என்னை ஜெயராஜ் என்று வாய் நிறையப் பாராட்டினார். என் பெயர் ஜெபராஜ். முப்பது வருஷத்தில் அதைத் திருத்த வேளை வாய்க்கவில்லை. பிறகு ஒரு துணியை உருவினார். உள்ளே நாற்காலி! சக்கரம் வைத்தது, தலை சாய்க்க மெத்தை, முதுகுக்கு வலை, அடியில் ஐந்தாறு கைப்பிடிகள். ஒன்றை இழுத்தால் ஏறும், ஒன்றை இழுத்தால் மல்லாத்திப் போட்டுவிடும். எல்லோரும் கைதட்ட, நான் உட்கார்ந்து காட்டினேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அந்த வாரமே சனிக்கிழமை, செம்பூரில் டாக்டரம்மாவிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினேன். மராட்டிக்கார அம்மா, சின்ன வயசு, சுருக்கென்று பேசுவார். சீட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், திரும்பச் சீட்டைப் பார்த்தார். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். நானும் பெருமையாகவே சொன்னேன். ரயிலில் உட்கார்ந்து போவேன், ஆபீசில் உட்கார்ந்திருப்பேன், உட்கார்ந்து வருவேன், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன், படுப்பேன்.

"உடம்பை எப்போதுதான் அசைப்பீர்கள்?" என்று கேட்டார்.

"தூக்கத்தில் புரண்டு படுப்பேன், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. மாத்திரை மட்டும் போதாது, மூன்று மாதம் தருகிறேன் என்றார். ஜிம் வேண்டாம், ஓட வேண்டாம். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிஷம் நட. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட. போன் வந்தால் நடந்துகொண்டே பேசு. ரயிலில் நில். மூன்று மாதம் கழித்தும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் தினமும் ஊசி.

ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது சுவர் ஏறிக் குதித்து ஓடியவன் நான். அப்போதே ஓடத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

2

உட்காருவதில் எனக்கு ஏன் இத்தனை ஆசை என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா பஸ் கண்டக்டர் என்பது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். திருச்செந்தூர் வண்டியில் முப்பத்தைந்து வருஷம் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தவர். கண்டக்டர் சீட் ஒன்று உண்டு, அதில் எப்போதும் யாராவது ஒரு கர்ப்பிணிப் பெண்ணை உட்கார்த்தி வைத்திருப்பார். வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு என்னிடமும் அண்ணனிடமும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஏலே, என்னைய மாதிரி நிக்காதீங்கலே. ஃபேனுக்கு அடியில உக்காந்து வேல பாருங்க."

நாங்கள் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளைகள். அண்ணன் பேங்கில் உட்கார்ந்தான், நான் பம்பாயில் உட்கார்ந்தேன். அப்பா எண்பத்து நாலு வயது வரை மூன்று டம்ளர் டீ, டம்ளருக்கு மூன்று கரண்டி சீனி, ஒரு வியாதி இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் அவன் காலைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். மீதியெல்லாம் விளையாட்டாகச் சொன்னாலும் இதை விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். எனக்கு ஐம்பத்தேழு நடக்கிறது.

3

பம்பாய் லோக்கலில் சீட் என்பது சொத்து. வந்த புதிதில் மூன்று வருஷம் நான் கம்பியில் தொங்கினேன். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. என் வீடு திலக் நகரில், ஆபீஸ் மேற்கே கோட்டைப் பக்கம். நான் என்ன செய்வேன் தெரியுமா? ஆபீசுக்கு எதிர்த்திசையில் கிழக்கே மான்குர்த் வரை போவேன், அங்கே கிளம்பும் எட்டு நாற்பது வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் வீட்டு வழியாகவே திரும்பி வருவேன். உட்காருவதற்காகப் பின்னால் போய் முன்னால் வருவது. பாஸ்கூட மான்குர்த் வரைக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். ஊரில் சொன்னால் கிறுக்கன் என்பீர்கள், இங்கே ஆயிரம் பேர் தினமும் இப்படித்தான்.

எங்கள் பெட்டியில் எட்டுப் பேர் கொண்ட ஒரு ஜமா உண்டு. ஜமாவுக்குச் சட்டம் உண்டு. மான்குர்த்திலிருந்து உட்கார்ந்து வந்தவன் பாதி வழியில், வடாலா ஸ்டேஷனில், எழுந்து, நின்றுகொண்டு வந்தவனை உட்கார வைக்க வேண்டும். விலக்கு ஒரே ஒரு சீட்டுக்குத்தான், காற்று வருகிற பக்கத்து ஜன்னல். அது ஜமாவில் மூத்தவனுக்கு. அவனை யாரும் எழுப்ப முடியாது. ஐந்து வருஷத்துக்கு முன் கேல்கர் காக்கா என்கிற பெரியவர் ஒருநாள் தானாக எழுந்து, "அண்ணா, து பைட்" என்று என் தோளை அழுத்தி அந்த ஜன்னலில் உட்கார வைத்தார். அடுத்த மாதம் அவர் ரிட்டயர் ஆனபோது பெட்டிக்குள்ளேயே மாலை, சால்வை, தேங்காய், ஜிலேபி என்று அமர்க்களப்படுத்தினோம். அன்று முதல் அது என் ஜன்னல். எனக்கு அடுத்த வரிசையில் காத்திருந்தவர் காதர் பாய். சீத்தா கேம்ப்பில் வீடு, மஸ்ஜித் பந்தரில் பெட்டி, பை விற்கிற கடை, மேலப்பாளையத்துக்காரர்.

டாக்டரைப் பார்த்த மறு திங்கட்கிழமை, நான் மான்குர்த் போகவில்லை. நேராகத் திலக் நகரில் ஏறி, நின்றேன். காதர் பாய் வழக்கம்போல் எனக்காக ஜன்னலில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார்.

"அண்ணே, ஏன் நிக்கிறிய? வாங்க."

"நீங்க உக்காருங்க பாய்."

"யாரு, நானா? ஜன்னல்லயா?"

"ஆமா. இனிமே நீங்கதான். எனக்குச் சும்மா நிக்கணும்போல இருக்கு."

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். சர்க்கரை என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. காரணம், சமோசா. வெள்ளிக்கிழமைதோறும் ஜமாவில் முறை வைத்து சமோசா வரும். ஒருவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிட்டால் மற்ற ஏழு பேரும் அவனுக்கு அம்மாவாகி, சமோசாவைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளரிக்காய் கொடுப்பார்கள். வெள்ளரிக்காய்க்கு நான் தயாராக இல்லை. பம்பாயில் சும்மா நிற்கணும்போல இருக்கிறது என்று சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். பெட்டியில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கும் விட்டல் பாவு, எங்கள் ஜமாவுக்குத் தலைவர் மாதிரியானவர், என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் நிற்பதைப் பார்த்து மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

4

ஆபீஸ் கதை தனி. எனக்கு ஒரே மகள், பிரிசில்லா, இருபத்து நாலு வயது. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் இந்தியில் வரும். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் அவளைப் பற்றி என்ன எழுதினாலும் மாட்டிக்கொள்ள மாட்டேன். அவள் என் போனில் அரைமணிக்கு ஒரு தடவை தன் குரலே அடிக்கிற மாதிரி பதிந்து வைத்துவிட்டாள்: "பப்பா, உட்டோ!" அப்பா எழுந்திரு என்று அர்த்தம். ஆபீஸ் முழுக்கக் கேட்கும். குரல் வந்ததும் நான் எழுந்து நடப்பேன்.

சும்மா நடந்தால் பைத்தியக்காரன் மாதிரி இருக்கிறது என்று ஃபைலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், தண்ணீரை நானே பிடித்து வந்தேன், கீழே போய் டீ வாங்கி வந்தேன். இரண்டே வாரத்தில் எங்கள் பியூன் பாண்டுரங் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பதினைந்து வருஷப் பழக்கத்துக்கு இது நல்லாயிருக்கா, என் வேலையைப் பறிக்கிறீர்களே, எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று கை கூப்பினான். அவனுக்கு விளக்கம் சொல்வதற்குள் அட்மினிலிருந்து கடிதம். அடிக்கடி இருக்கையில் இல்லாததற்குக் காரணம் எழுதவும். ஆன்லைனில் ஒரு படிவம். காரணம் என்ற இடத்தில் டீ, கழிவறை, தொழுகை, இதர. 'இதர' என்பதைத் தட்டினால் சான்று இணைக்கவும் என்று வந்தது. நிற்பதற்குச் சான்று! டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "இவர் நிற்கலாம், நடக்கலாம்" என்று லெட்டர்பேடில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதை இணைத்தேன். நடக்க முடியாமல் இருந்தது குணமாகிவிட்டதற்கு வாழ்த்துகள் என்று அட்மினிலிருந்து பதில் வந்தது.

பாண்டுரங்குக்கு வேலை குறைந்துவிட்டது. அவன் என் புது நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிகளை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தான்.

வீட்டில் எஸ்தர். என் மனைவிக்கு டாக்டரம்மா சொன்னது தேவவாக்கு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வாள். போய் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, இஞ்சி இல்லை என்பாள். இஞ்சியோடு வந்தால் பச்சை மிளகாய்.

"ஏ எஸ்தர், மொத்தமா ஒரே தடவையில சொல்லப்புடாதா?"

"சொன்னா ஒரு தடவைதான நடப்பிய?"

"இது கொடுமை, கேட்டியா?"

"கொடுமையா? ஒங்க அண்ணன் செருப்புப் போட முடியாம நிக்காரே, அது கொடுமையில்லையா? இப்பம் போங்க. தக்காளி."

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம் நடப்பதற்கு பிரிசிதான் காவல். நான் கள்ளத்தனமாகக் கீழே போய் மதில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பகல் முழுக்க லேப்டாப்போடு கட்டிலில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறவள், எனக்கு உபதேசம்! அதை முதல் வாரமே சொல்லிச் சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கொண்டே கட்டடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தோம். அடுத்த வாரம் அவள் ஆபீஸ் கதை சொன்னாள். அதற்கடுத்த வாரம், தன்னோடு படித்த ஒரு பையனைப் பற்றி இந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். நானும் கேட்கவில்லை, கால் மட்டும் நின்றுவிட்டது. "பப்பா, சலோ" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் பத்தாம் வகுப்புப் படித்த காலத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பேசியது இதுதான். நடுவில் டிவி இல்லாததால் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

5

மூன்று மாதம் முடிகிற வாரம். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை திலக் நகரில் ஏறுகிறேன், ஜன்னலைச் சுற்றி சாமந்திச் சரம். கம்பியில் தேங்காய் கட்டித் தொங்குகிறது. விட்டல் பாவு கையில் அட்டைப்பெட்டி நிறைய ஜிலேபி.

யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து, நான்தான் முதலில் கைதட்டினேன்.

மாலை என் கழுத்தில் விழுந்தது. சால்வை தோளில் விழுந்தது. ஒரு பாவியும் என்ன ஏது என்று சொல்லவில்லை. விட்டல் பாவு தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் பேச ஆரம்பித்தார். அண்ணா போன்ற மனிதரைப் பார்க்க முடியாது, போகிற நேரத்தில்கூட யாருக்கும் பாரமாக இல்லாமல் மூன்று மாதம் முன்பே ஜன்னலை விட்டுக் கொடுத்தார், கேல்கர் காக்கா மாதிரியே சொல்லாமல் எழுந்தார் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பெட்டியில் தானாக ஜன்னலை விட்டு எழுந்தவன் என்றால் ரிட்டயர் ஆகிறவன். வேறு எந்தக் காரணத்துக்காகவும் இந்த ஊரில் மனிதன் ஜன்னலை விட்டதில்லை. முன்னதாகவே வேலையை விட்டு ஊருக்குப் போகிறேன் என்று முடிவுகட்டி, ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஜிலேபி வந்தது. இந்த இடத்தில் நான் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பாதி தின்றுவிட்டேன். மூன்று மாதத்துக்கு அப்புறம் ஜிலேபி.

ஜன்னலில் உட்கார்ந்திருந்த காதர் பாய்க்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. "அண்ணே, பதினோரு வருசம் காத்திருந்த சீட்டு. இப்பம் உக்காந்திருந்தும் சந்தோசமில்லண்ணே. நீங்க ஊருக்குப் போயிருவிய."

இதற்கு மேல் எப்படி மறைப்பது? நான் போகவில்லை என்று சொன்னால், சட்டப்படி ஜன்னல் எனக்கே திரும்ப வரும், பாய் பழையபடி வடாலாவில் எழுந்து நிற்க வேண்டும். நானும் மறுபடி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஊசி. சால்வையோடு ஊருக்கே போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்புறம் அண்ணன் கால் ஞாபகம் வந்தது.

வாயில் இருந்த மீதி ஜிலேபியைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, "ரிட்டயர் நஹி ஹை. முஜே ஷுகர் ஹை" என்றேன்.

வண்டி குர்லா ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. விட்டல் பாவு ஜிலேபிப் பெட்டியை மெதுவாக மூடினார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். என் டாக்டரம்மா கொடுத்த அதே மாத்திரை.

"ஆறு வருஷமாக," என்றார். "சமோசாவை நிறுத்திவிடுவீர்களோ என்று சொல்லவில்லை."

பின்னாலிருந்து ஒரு குரல், "முஜே பி", எனக்கும் என்று. அவருக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு பேருக்கு முதுகு, ஒருவருக்குப் பிரஷர், சர்க்கரை மட்டும் என்னோடு சேர்த்து ஐந்து பேர். இத்தனை வருஷமாக ஒருவனை ஒருவன் ஏமாற்றி சமோசா தின்றிருக்கிறோம், மானங்கெட்டவர்கள்.

கடைசியாகக் காதர் பாய் ஜன்னலை விட்டு எழுந்தார். "எனக்கும் எட்டு வருசமா இருக்குண்ணே. டாக்டர் ஒங்க டாக்டர் சொன்னதத்தான் சொன்னாரு. ஆனா ஜன்னல் வர்ற நேரத்துல யாருண்ணே எந்திரிப்பா?"

"அப்பம் உக்காருங்க பாய், பாதி வழி வரைக்கும் உக்காருங்க."

"மாட்டேன். நீங்க உக்காருங்க."

"நானும் மாட்டேன்."

விட்டல் பாவுவைப் பார்த்தோம். அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து வந்த மற்றவர்களும் எழுந்துவிட, அந்த சீட்டுகளில் பக்கத்தில் நின்றவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி வடாலா வந்தது. எட்டுப் பேரும் நிற்கிறோம், நான் மாலையும் சால்வையுமாக, அப்பா மாதிரி காலை அகட்டி வைத்துக்கொண்டு. சாமந்திச் சரம் கட்டிய ஜன்னல் சீட் மட்டும் காலியாக இருக்கிறது. வடாலாவில் முண்டியடித்து ஏறிய ஒரு ஆள் அதைப் பார்த்துப் பாய்ந்து வந்தார். வந்தவர் சட்டென்று நின்றார். சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "குச் கிரா ஹை க்யா?" என்று கேட்டார். ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை இல்லை, உட்காருங்கள் என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னோம். அதைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. ஒரு விரலால் சீட்டைத் தொட்டு, மோந்து பார்த்து, இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவரைப் பார்த்து வேறு யாரும் உட்காரவில்லை. எட்டு நாற்பது வண்டியில், காலை நேரத்தில், கடைசி ஸ்டேஷன் வரைக்கும் அந்த ஜன்னல் காலியாகவே போனது.

மாலையோடு ஆபீசுக்குள் நுழைந்தபோது என்னைப் பார்த்து அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் பாண்டுரங். நான் போகவில்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. நாற்காலியை நீயே வைத்துக்கொள் என்றேன். ஆனால் தண்ணீர் பிடிப்பதை நான் விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

6

செவ்வாய்க்கிழமை சீட்டு வந்தது. எஸ்தரையும் பிரிசியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். தனியாகப் போகத் தைரியமில்லை. டாக்டரம்மா முன்னும் பின்னும் பார்த்தார். மூன்று மாதக் கணக்கில் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, ஊசி வேண்டாம் என்றார். பிறகு, வெறும் வயிற்றில் எடுத்தது மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறதே, முதல்நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"பாதி ஜிலேபி," என்றேன்.

"முழுசுதான் இருக்கும்," என்றாள் எஸ்தர். அவள் கைக்குட்டையைத் துவைத்தவள், அதிலேயே மீதியைப் பார்த்திருந்தும் சொன்னாள்.

அன்று ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும், மூன்று மாதம் கழித்து முதல் தடவையாக நிம்மதியாக சோபாவில் விழுந்தேன். இனிமேல் யாரும் காவல் வரமாட்டார்கள், அவளுக்கும் வேறு ஜோலி இருக்கும் என்று நினைத்து, போனில் அவள் குரலையும் அணைத்துவிட்டேன். வீடு அமைதியாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் குரல் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பிரிசி வாசலில் நிற்கிறாள், என் செருப்பு அவள் கையில்.

"ரிப்போர்ட்தான் நல்லா வந்துட்டே மோளே," என்றேன்.

அவள் செருப்பை என் கால் பக்கத்தில் போட்டாள். போட்டுவிட்டு, கட்டைவிரலிலிருந்து கடைசி விரல் வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி என் காலையே பார்த்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்.

"அப்பா, எந்திரிங்க. அந்தப் பையன் கதை இன்னும் முடியல."

எழுந்துவிட்டேன்.